பாலம் இறங்கும்போது வெடிக்கும் புல்லட்: கார்பரேட்டரை மாற்றுவதற்கு முன்

அப்பா ஓட்டிய 1994 மாடல் 350 சி.சி. புல்லட், மூன்று ஆண்டுகள் கொட்டகையில் நின்றுவிட்டு இப்போது உங்கள் கைக்கு வந்திருக்கிறது. மன்னார்குடியில் பாமணியாற்றுப் பாலம் ஏறும்போது ஒழுங்காகப் போகும் வண்டி, இறங்கும்போது ஆக்சிலேட்டரை மூடியதும் சைலன்சரில் படபடவென்று வெடிக்கிறது. சில காலைகளில் உதைக்கும்போது, பெட்ரோலையும் காற்றையும் கலந்து என்ஜினுக்குக் கொடுக்கும் கார்பரேட்டர் பக்கமும் ஒரு ‘டப்’ கேட்கிறது. பிளக் புதிது, கார்பரேட்டரை இரண்டு முறை கழுவியாகிவிட்டது, இனி கார்பரேட்டரையே மாற்றவேண்டும் என்கிறார் மெக்கானிக். மாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வி கார்பரேட்டரைப் பற்றியதுபோல இருந்தாலும், நீங்கள் சொல்லியிருப்பவை இரண்டு தனித்தனிச் சத்தங்கள். ஒன்று வண்டியின் வாலில், இன்னொன்று மூக்கில். இரண்டுக்கும் காரணம் ஒன்றாக இருக்கவேண்டும் என்று கட்டாயமில்லை. அதனால் இப்போதைக்குப் பணத்தைப் பையிலேயே வைத்திருங்கள். கும்பகோணம் பக்கம் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பட்டறை வைத்திருந்தவன் நான்; வெடிக்கிறது என்று வந்த வண்டிகளில் பாதிக்கு மேல் கார்பரேட்டரில் குற்றமே இருந்ததில்லை. ஆனால் வாய் பேசாத சாதனம் என்பதால் பழியெல்லாம் அதன் தலையில்தான் விழும்.

சைலன்சரில் வெடிக்க மூன்று பொருள்கள் ஒன்றுசேர வேண்டும்: எரியாமல் தப்பித்துவந்த பெட்ரோல், அதை எரிக்கக் காற்று, பற்றவைக்க நெருப்பு. நம் ஊரில் மேடு என்றால் ஆற்றுப் பாலம்தான். அதில் இறங்கும்போது ஆக்சிலேட்டரை மூடுகிறீர்கள். சக்கரமோ என்ஜினை இழுத்துச் சுற்றுகிறது. அப்போது கார்பரேட்டரில் ஸ்லோ ஜெட் என்ற நுண்துளை வழியாக வரும் கொஞ்சம் பெட்ரோல்தான் உள்ளே போகும். சிலிண்டரில் முந்தைய சுற்றின் புகையும் மிச்சம் இருக்கும். அந்த மெலிந்த, அதாவது பெட்ரோல் குறைந்த கலவை ஒரு சுற்று, இரண்டு சுற்று பற்றாமல் அப்படியே பைப்புக்குள் போய்ச் சேரும். மூன்றாவது சுற்றில் பற்றினால், வெளியே வரும் தீ பைப்பில் காத்திருப்பதைக் கொளுத்திவிடும். இதில் எந்தச் சந்தேகமும் இல்லை. சந்தேகமெல்லாம், உங்கள் வண்டியில் கலவை ஏன் பற்றாமல் தப்புகிறது, காற்று எந்த வழியாகப் பைப்புக்குள் நுழைகிறது என்பதில்தான். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய கார்பரேட்டர் வண்டி பாலம் இறங்கும்போது மெல்லிய குரலில் இரண்டு முறை ‘புடுக், புடுக்’ என்றால் நான் கையே வைக்க மாட்டேன். நீங்கள் ‘தெருவில் போகிறவர் திரும்பிப் பார்க்கிற அளவு’ என்று எழுதியிருப்பதால்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

செலவில்லாத இடத்திலிருந்து தொடங்குங்கள். என்ஜினிலிருந்து புகையைச் சைலன்சருக்குக் கொண்டுபோகும் பென்ட் பைப், ஹெட்டில் (சிலிண்டரின் தலைப்பகுதி) சேரும் இடத்தை, வண்டி ஆறியபிறகு டார்ச் அடித்துப் பாருங்கள். மையைத் தடவியதுபோலக் கறுப்புப் புகைக்கோடு தெரிந்தால் அங்கே கசிவு இருக்கிறது. புகை வெளியே வருகிற அதே சந்து வழியாகத்தான் ஆக்சிலேட்டரை மூடும்போது வெளிக்காற்று உள்ளே உறிஞ்சப்படும். பைப்பும் சைலன்சரும் சேரும் கிளாம்பிலும் இதே சோதனைதான். வெறும் கிளாம்பை இறுக்கியதில் சத்தம் பாதியாகக் குறைந்த வண்டிகள் உண்டு. மூன்று ஆண்டு நின்ற வண்டி என்பதால் சைலன்சரின் அடிவயிற்றையும் தட்டிப் பாருங்கள். உள்ளே தேங்கிய தண்ணீர் துரு பிடித்து ஊசித்துளை போட்டிருக்கும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்து உப்புக்காற்று வண்டிகளில் இது இன்னும் சீக்கிரம் வரும்.

அடுத்தது, உதைப்பதற்கு எளிதாகச் சிலிண்டரின் அழுத்தத்தை வெளியேவிடும் டிகம்ப்ரஷர். இடது கைப்பிடியில் இருக்கும் அந்தச் சின்ன லீவரை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. வலங்கைமான் பக்கத்து விவசாயி ஒருவர் மூன்று பட்டறை ஏறி இறங்கிவிட்டு என்னிடம் வந்தார். நேராகப் போனால் வெடிக்காது, ஊருக்குள் திரும்பும் மதகடியில் மட்டும் வெடிக்கிறது என்றார். மதகில் முனி இருப்பதாக வீட்டில் படையல்கூடப் போட்டிருந்தார்கள். வண்டியை ஸ்டாண்டில் போட்டு என்ஜினை ஓடவிட்டு, ஹேண்டில்பாரை ஒரு பக்கமாகத் திருப்பினேன்; வெடித்தது. நேராக்கினேன், நின்றது. யாரோ டேங்கைக் கழற்றி மாட்டும்போது டிகம்ப்ரஷர் கேபிளைத் தவறான பக்கம் விட்டிருந்தார்கள். ஹேண்டில்பார் திரும்பும்போது கேபிள் இழுபட்டு, ஹெட்டில் இருக்கும் அந்தச் சிறிய வால்வு மயிரிழை திறந்துகொண்டது. எரியாத கலவை அதன் வழியாக நழுவியது. கேபிளை மாற்றி விட்டதோடு முனி போய்விட்டது. உங்கள் வண்டியிலும் அந்த லீவரைத் தொட்டுப் பாருங்கள். இழுப்பதற்கு முன் கொஞ்சம் தளர்வு இருக்கவேண்டும். ஹேண்டில்பாரை இரு கோடிக்கும் திருப்பிப் பார்க்கும்போதும் அந்தத் தளர்வு இருக்கவேண்டும்.

இனி என் சந்தேகம் எல்லாவற்றிலும் அதிகமாகப் போகிற இடத்துக்கு வருகிறேன். உங்களுடையது பாயிண்ட் வைத்த வண்டி; மின்சாரத்தைச் சேர்த்துப் பிரித்துத் தீப்பொறியை உண்டாக்கும் தொடுமுனைதான் பாயிண்ட். சிலிண்டருக்குப் பின்னால் நிற்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத் திறந்தால் பாயிண்ட் தெரியும். அது முழுதாகத் திறந்து நிற்கும்போது இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் இருக்கவேண்டும். பாயிண்டின் குதிகால்போல ஒரு ஃபைபர் துண்டு, அதைத் திறந்து மூடும் கேம் என்ற சுழல் துண்டில் உரசிக்கொண்டே இருக்கும். வண்டி நம் மழைக்கும் ஈரக்காற்றுக்கும் மூன்று ஆண்டு நின்றால் கேமில் துரு பூக்கும். பிறகு எடுத்து ஓட்டும்போது அந்தத் துரு அரம்போல வேலை செய்து குதிகாலைத் தேய்த்துவிடும். குதிகால் தேய்ந்தால் இடைவெளி குறையும். இடைவெளி குறைந்தால் பாயிண்ட் தாமதமாகத் திறக்கும். அதாவது தீப்பொறி தாமதமாக வரும். தாமதமாகப் பற்றிய கலவை சிலிண்டருக்குள் எரிந்து முடியாமல், புகையை வெளியேவிடும் எக்ஸாஸ்ட் வால்வு திறக்கும்போதும் எரிந்துகொண்டே பைப்புக்குள் போகும். பென்ட் பைப் ஹெட் பக்கம் வழக்கத்துக்கு மேல் நீலம் பாய்ந்திருக்கிறதா, வண்டி சீக்கிரம் சூடாகி இழுவை மந்தமாகிறதா என்று கவனியுங்கள். இரண்டும் இருந்தால் கார்பரேட்டரைத் தொடுவதற்கு முன் இதைப் பாருங்கள்.

இதைச் சரிசெய்ய ஒரு வரிசை உண்டு. பலர் அதைத் தலைகீழாகச் செய்து கெடுத்துக்கொள்கிறார்கள். முதலில் இடைவெளி, அதன் பிறகுதான் டைமிங், அதாவது தீப்பொறி வரும் நேரம்; ஏனென்றால் இடைவெளியைத் தொட்டாலே டைமிங் நகர்ந்துவிடும். கேமைத் துடைத்து, ஒரு கடுகளவு கிரீஸ் தடவுங்கள். பாயிண்ட் முகத்தை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துவிட்டுச் சுத்தமான துணியால் ஒற்றி எடுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டியிருந்தால் புதுப் பாயிண்டும் தகராறு செய்யும். பிறகு பிளக்கைக் கழற்றி, வண்டியை டாப் கியரில் போட்டுப் பின்சக்கரத்தைக் கையால் சுற்றி, கம்ப்ரஷன் சுற்றில் பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவாருங்கள். பழைய வார்ப்பிரும்பு 350 என்ஜினுக்குக் கணக்கு, வேகத்துக்கு ஏற்பத் தீப்பொறியை முந்தவைக்கும் ஆட்டோ அட்வான்ஸ் ஓய்வில் இருக்கும்போது பிஸ்டன் உச்சிக்கு 0.8 மில்லிமீட்டர் கீழே ஏறி வருகையில் பாயிண்ட் திறக்கத் தொடங்குவது. திறக்கும் கணத்தைக் கண்ணால் பிடிக்க முடியாது. பேட்டரி வோல்ட்டுக்கு ஏற்ற சிறு பல்பு ஒன்றின் ஒரு வயரைப் பாயிண்டின் இணைப்பிலும் மற்றொன்றை எர்த்திலும் கொடுத்துச் சாவியைப் போடுங்கள். பாயிண்ட் பிரியும் நொடியில் பல்பு எரியும். பிளக் ஓட்டையில் சைக்கிள் கம்பியை விட்டு அளக்கிற வழக்கம் நம் பட்டறைகளில் இருக்கிறது. நானும் செய்திருக்கிறேன். ஓட்டை சாய்வாக இருப்பதால் கம்பி சாய்ந்து ஏமாற்றும், 0.8 என்பது பொறுமையாக அளக்கவேண்டிய அளவு. கை பழகாதவர் என்றால் இந்த ஒரு வேலையை மட்டும் பழைய புல்லட் தெரிந்த ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். டைமிங் அளவுக்கு மேல் முந்திவிட்டால் கிக்கர் திருப்பி அடிக்கும். கணுக்கால் எலும்பு போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பாயிண்ட் பக்கத்திலேயே இருந்து அதில் பொறி சிதறாமல் காக்கும் கண்டன்சரையும் விட்டுவிடாதீர்கள். இருட்டில் மூடியைத் திறந்துவைத்து என்ஜினை ஓட்டிப் பாருங்கள். பாயிண்டுக்கு நடுவே சின்னப் பொறி தெரிவது இயல்பு. மத்தாப்புபோலச் சிதறினால் கண்டன்சர் போய்விட்டது. காலையில் ஒழுங்காக ஓடி, பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போய்ச் சூடேறியபிறகு மிஸ்ஸிங்கும் வெடியும் சேர்ந்து வருவது அதன் அடையாளம். விலை மலிவுதான். ஆனால் சந்தையில் தரமில்லாத உருப்படிகள் நிறைய. புதியதைப் போட்டபிறகு நிலைமை மோசமானால் புதியது நல்லதாகத்தான் இருக்கும் என்று நம்பிக்கொண்டு இருக்காதீர்கள். பழையதைத் தூக்கி எறியாமல் வைத்திருந்து மாற்றிப் பாருங்கள்.

வெடி படபடவென்று வராமல், எப்போதாவது ஒரு நொடி என்ஜின் செத்ததுபோல இருந்து, பிறகு அதிர்வேட்டுபோல ஒரே ஒரு பெரிய ‘டமார்’ வந்தால் கதை வேறு. அது மின்சாரம் அறுபட்டு ஒட்டும் சத்தம். மின்சாரம் இல்லாத அந்த நொடியில் சிலிண்டர் பெட்ரோலை அப்படியே சைலன்சருக்குள் தள்ளுகிறது. மின்சாரம் திரும்பியதும் மொத்தமும் கொளுத்தப்படுகிறது. சாவி ஸ்விட்சின் தளர்ந்த தொடர்பு, பேட்டரி முனையில் பூத்த பூஞ்சை, சேசிஸில் எர்த் வயர் சேரும் இடத்துத் துரு ஆகியவற்றைப் பாருங்கள். ஓடும்போது ஹெட்லைட்டும் அம்மீட்டர் முள்ளும் துள்ளுகின்றனவா என்று கவனித்தால் பாதி விடை கிடைத்துவிடும். திருவிழாச் சமயங்களில் இளவட்டங்கள் ஓடும் வண்டியில் சாவியை அணைத்து அணைத்துப் போட்டு வேண்டுமென்றே எழுப்புவதும் இதே சத்தம்தான். சைலன்சர் தையல் பிளந்து என்னிடம் வந்தபோது, தானாகப் பிளந்ததாகத்தான் எல்லோரும் சொன்னார்கள்.

இப்போது கார்பரேட்டர். இரண்டு முறை கழுவியதாக எழுதியிருக்கிறீர்கள். மேல்மூடி, கிண்ணம், மெயின் ஜெட் வரை கழுவியிருப்பார்கள். ஆக்சிலேட்டரை மூடும்போது வேலை செய்கிற ஸ்லோ ஜெட்டைத் தனியாகக் கழற்றி, வெளிச்சத்தில் பிடித்துத் துளை வட்டமாகத் தெரிகிறதா என்று பார்த்தார்களா? மூன்று ஆண்டு நின்ற பெட்ரோல் வற்றி அரக்குபோல ஒட்டிக்கொள்வது அந்த நுண்துளையில்தான். காற்றடித்து ஊதினால் போகாது, கிளீனரில் ஊறவைக்கவேண்டும். கம்பி விட்டுக் குத்தினால் துளை பெரிதாகிவிடும், அதன் பிறகு எந்தக் கணக்கும் நிற்காது. கலவையைச் சரிசெய்யும் ஸ்க்ரூவைத் திருப்புவதிலும் ஒரு குழப்பம் உண்டு. ஸ்க்ரூ ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் அது காற்றைக் கட்டுப்படுத்துவது. உள்ளே இறுக்கினால் கலவை செழிக்கும், அதாவது அதில் பெட்ரோலின் பங்கு கூடும். என்ஜின் பக்கம் இருந்தால் அது பெட்ரோலைக் கட்டுப்படுத்துவது. வெளியே தளர்த்தினால்தான் செழிக்கும். உங்கள் வண்டியில் இருப்பது மிக்கார்ப் கார்பரேட்டர் என்றால் முதல் வகை. சூடான என்ஜினில் அரைத் திருப்பு உள்ளே இறுக்கிவிட்டு அதே பாலத்தில் ஒருமுறை இறங்கிப் பாருங்கள். சத்தம் தெளிவாகக் குறைந்தால் கலவை மெலிந்திருந்தது உறுதி. ஆனால் அது மெலிந்த காரணம் கார்பரேட்டருக்கு வெளியேயும் இருக்கலாம்.

வெளியே என்றால், கார்பரேட்டர் ஹெட்டோடு சேரும் இடம். அங்கே பேக்கிங் வெடித்திருந்தாலோ, நட்டை அளவுக்கு மேல் இறுக்கி முகம் வளைந்திருந்தாலோ, திருட்டுக்காற்று உள்ளே போகும். ஐடிலில் ஓடும்போது அந்த இணைப்பைச் சுற்றி ஆயில் கேனால் சொட்டுச்சொட்டாக விடுங்கள். ஓட்டத்தின் சுருதி மாறினால் கசிவு அங்கேதான். பெட்ரோலைத் தெளித்துப் பார்க்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம். காலையில் கார்பரேட்டர் பக்கம் கேட்கும் ‘டப்’புக்கும் இந்தக் கசிவு ஒரு காரணமாக இருக்கலாம். மெலிந்த கலவை மெதுவாக எரியும். கலவையை உள்ளே விடும் இன்லெட் வால்வு அடுத்த முறை திறக்கும்போதும் தீ அணையாமல் இருந்தால் கார்பரேட்டர் வழியாகத் தும்மும். மார்கழிப் பனியில் சோக் போடாமல் உதைத்தாலோ, போட்ட சோக்கை உடனே எடுத்துவிட்டாலோ நல்ல வண்டியும் ஒன்றிரண்டு தும்மல் போடும்; அதற்கு மருந்து தேவையில்லை. சூடேறிய பிறகும் தும்மினால்தான் கவலைப்படவேண்டும்.

நின்ற வண்டிக்கே உரிய இன்னொரு எதிரி குளவி. காற்றுக் குழாய், டேங்க் மூடியின் சுவாசத் துளை, கார்பரேட்டரின் ஓவர்ஃப்ளோ டியூப் என்று எங்கே ஓட்டை கண்டாலும் மண்கூடு கட்டிவிடும். மூடியின் துளை அடைபட்டால் இரண்டு மூன்று கிலோமீட்டர் வரை ஒழுங்காக ஓடி, பிறகு பெட்ரோல் இறங்காமல் கலவை மெலிந்து வெடிக்கும். அந்த நேரத்தில் நிறுத்தி மூடியைத் திறந்தால் ‘உஸ்’ என்று காற்று உள்ளே போகும் சத்தம் கேட்கும். ஏர் ஃபில்டர் அடைபட்டால் நேர்மாறாகக் கலவை செழித்துப் பிளக் கரியேறும். தை, மாசியில் சாலையில் நெல்லைக் காயப்போட்டுத் தூற்றும்போது அதற்குள் வண்டி ஓட்டுகிறவர்களின் ஃபில்டரில் பதரும் தூசும் கைப்பிடி கைப்பிடியாக எடுத்திருக்கிறேன். பிளக் வெள்ளை பூத்திருக்கிறதா, கரி படிந்திருக்கிறதா, இளம்பழுப்பா என்று பார்த்தாலே எந்தப் பக்கம் தேடவேண்டும் என்பது தெரியும். ஐடிலில் ஓடவிட்டு அணைத்தால் பிளக் பொய் சொல்லும்; பத்து நிமிடம் ஒரே சீராக ஓட்டி, சட்டென்று அணைத்துக் கழற்றிப் பாருங்கள்.

‘எல்லாம் பெட்ரோலில் கலக்கும் எத்தனாலால் வந்த வினை’ என்று உங்கள் நண்பர் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். இதில் உறுதியானதும் இருக்கிறது, ஊகமும் இருக்கிறது. ஒரு பங்கு பெட்ரோல் முழுதாக எரிய எடையில் சுமார் 14.7 பங்கு காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 பங்கு போதும். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு ஏறத்தாழ 13.5. உங்கள் ஜெட் பழைய பெட்ரோலுக்காகத் துளையிடப்பட்டது. அதே துளையில் இந்தப் பெட்ரோல் போனால் கலவை சற்று மெலியும், அது கணக்கு. எத்தனால் ஈரத்தை உறிஞ்சும் என்பதும், பழைய ரப்பர் டியூப்களுக்கு ஆகாது என்பதும் உண்மை. ஆனால் அது மட்டுமே தெருவைத் திரும்பிப் பார்க்கவைக்கும் வெடியை உண்டாக்குமா என்றால், என் அனுபவத்தில் இல்லை. ஏற்கெனவே விளிம்பில் நிற்கிற வண்டியை அது இன்னும் ஒரு அடி தள்ளிவிடும், அவ்வளவுதான். டேங்கின் அடியில் தண்ணீர் தேங்கியிருந்தால் மட்டும் முழுதாக வடித்துவிட்டு மேலே போங்கள்.

கடைசியாக வால்வு. இங்கே எனக்கு எட்டுகிற தூரம் குறைவு. சத்தத்தை எழுத்தில் படித்து வால்வைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல யாராலும் முடியாது. நீங்களே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. என்ஜின் நன்றாக ஆறியிருக்கும்போது, பிஸ்டன் கம்ப்ரஷன் உச்சியில் இருக்க, சிலிண்டரின் வலப்பக்க டேப்பட் மூடியைத் திறந்து, வால்வுகளைத் தள்ளித் திறக்கும் இரண்டு ராடுகளையும் விரலால் உருட்டிப் பாருங்கள். தடையில்லாமல் சுழலவேண்டும், மேலும் கீழும் ஆடக்கூடாது. இறுகி நின்றால் வால்வு முழுதாக மூடவில்லை: இன்லெட் என்றால் கார்பரேட்டர் பக்கம் தும்மல், எக்ஸாஸ்ட் என்றால் சைலன்சரில் வெடி. டேப்பட்டைச் சரிசெய்தபிறகும் கிக்கரில் ஏறி நிற்கும்போது கால் தடையில்லாமல் மெல்ல இறங்கினால் வால்வு சீட்டோ ரிங்கோ கசிகிறது. எது என்பது ஹெட்டைக் கழற்றினால்தான் தெரியும். இந்தச் சோதனைகளை முடிக்கும் வரை ஹெட்டைக் கழற்ற யார் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை பென்ட் பைப், டிகம்ப்ரஷர் கேபிள், பாயிண்ட் இடைவெளி மூன்றையும் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாலத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டு அடுத்ததைத் தொடுங்கள். மூன்றையும் ஒன்றாக மாற்றினால் எது குணமாக்கியது என்றே தெரியாது. பிளக்கின் நிறம், பாயிண்ட் இடைவெளி எவ்வளவு இருந்தது, வெடி ஆறிய வண்டியில் அதிகமா சூட்டில் அதிகமா என்ற மூன்றையும் எழுதினால் அடுத்துச் சொல்கிறேன். சரியாகும் வரை ஏர் ஃபில்டர் இல்லாமல் வண்டியை ஓட்டவேண்டாம், வைக்கோல் போர் பக்கம் நிறுத்தி உதைக்கவும் வேண்டாம். கார்பரேட்டர் தும்மும்போது வெளியே வருவது சத்தம் மட்டும் இல்லை, தம்பி, தீயும்தான்.